அசுரனின் பக்கம் நின்ற பிள்ளைகள்

பேய்ப்படம் பார்த்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்ற கவலை பெற்றோருக்கு எங்கும் உண்டு. ஸ்டாப் மோஷன் அனிமேஷனின் வரலாறு வேறு சாட்சி சொல்கிறது. அத்துறையின் முக்கியமான இயக்குநர்கள் சிலர் சிறுவயதில் திகில் படங்களிலேயே கிடந்தவர்கள். பார்த்த படங்களின் முடிவை ஒப்புக்கொள்ளாமல் வளர்ந்தவர்கள் என்றும் சொல்லலாம்.

இந்த மரபுக்கு 1933ஐத் தொடக்கமாக வைக்கலாம். அந்த ஆண்டு வெளியான ‘கிங் காங்’கைப் பார்த்தபோது ரே ஹாரிஹாசனுக்கு 13 வயது இருக்கும். வில்லிஸ் ஓபிரையன் அந்தக் குரங்கை எப்படி நடமாட வைத்தார் என்று தேடப் புறப்பட்டதே அவருடைய வாழ்க்கைத் தொழிலாயிற்று. பொம்மையை இம்மியளவு நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி இன்னொரு படம். வினாடிக்கு 24 படங்களாக ஓட்டினால் பொம்மை நடக்கும். ‘ஜேசன் அண்ட் தி ஆர்கனாட்ஸ்’ (1963) படத்தில் எலும்புக்கூடுகள் வாள் வீசும் சில நிமிடங்களுக்கு அவர் நான்கு மாதங்களுக்கு மேல் உழைத்தார். உயிரற்ற உடலை எழுந்து நடக்கவைப்பதுதானே ஃபிராங்கன்ஸ்டைனின் வேலையும்? திகில் ரசிகர்கள் பொம்மையைத் தேடி வருவதில் வியப்பில்லை.

இவர்களில் டிம் பர்ட்டனின் கதை நீளமானது. 1958இல் கலிஃபோர்னியாவின் பர்பாங்கில் பிறந்தவர். டிஸ்னியில் வேலை பார்த்தபோது எடுத்த ‘வின்சென்ட்’ (1982) ஆறு நிமிடக் கறுப்பு வெள்ளைப் படம். அதன் நாயகனான ஏழு வயதுச் சிறுவன், திகில் நடிகர் வின்சென்ட் பிரைஸாகவே மாற ஆசைப்படுகிறான். எட்கர் ஆலன் போவைப் படிக்கிறான். அத்தையை மெழுகில் முக்கிச் சிலையாக்கக் கனவு காண்கிறான். பின்னணிக் குரல் கொடுத்தவர் வின்சென்ட் பிரைஸேதான்.

அடுத்து வந்த ‘ஃபிராங்கன்வீனி’ (1984) நடிகர்களை வைத்து எடுத்த குறும்படம். காரில் அடிபட்டுச் செத்த நாயைச் சிறுவன் மின்சாரத்தால் பிழைக்க வைக்கிறான். பிள்ளைகளுக்கு ஆகாது என்று டிஸ்னி அதை ஒதுக்கியது. பர்ட்டனும் வெளியேற நேர்ந்தது. ஜேம்ஸ் வேலின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ (1931) படத்தில் ஊரார் தீப்பந்தங்களோடு அசுரனைத் துரத்திக் காற்றாலையோடு கொளுத்துகிறார்கள். பர்ட்டனின் கதையிலும் கூட்டம் துரத்துகிறது, காற்றாலை எரிகிறது. ஆனால் சிறுவனை நெருப்பிலிருந்து மீட்டுவிட்டு மீண்டும் செத்த நாய்க்கு அதே கூட்டம் தன் கார் பேட்டரிகளைக் கொண்டு உயிர் கொடுக்கிறது. திரைக்கு முன் உட்கார்ந்திருந்த சிறுவன் கேட்டிருக்கக்கூடிய முடிவு இது.

இதே திருத்தம் மற்றவர்களிடமும் உண்டு. லைக்கா நிறுவனத்தின் ‘பாராநார்மன்’ (2012) நாயகனான சிறுவன் பாட்டியின் ஆவியோடு உட்கார்ந்து ஸாம்பி படம் பார்ப்பவன். ஊரைச் சபித்த சூனியக்காரியைத் தேடிப் போனால், பயத்தில் பெரியவர்கள் கொன்ற சிறுமியாக அவள் நிற்கிறாள். அவளை அடக்கவேண்டிய நார்மன் அவளோடு பேசுகிறான். குவாதலஹாராவில் 1964இல் பிறந்து, வேலின் அசுரன் மீது தீராத பற்றோடு வளர்ந்தவர் கியர்மோ தெல் தோரோ. மார்க் கஸ்டஃப்சனுடன் சேர்ந்து இயக்கிய ‘பினோக்கியோ’வில் (2022), மகனை இழந்த தச்சர் புயலடிக்கும் இரவில், குடிபோதையில் மரப்பிள்ளையைச் செதுக்குகிறார், ஃபிராங்கன்ஸ்டைனின் ஆய்வுக்கூடமே அங்கே எழுகிறது. முசோலினி காலத்து இத்தாலியில் நடக்கும் இப்படத்தில், கடைசிவரை மரமாகவே இருக்கும் பினோக்கியோவை அப்பா அப்படியே ஏற்றுக்கொள்கிறார். 2023இல் இது ஆஸ்கர் விருது பெற்றது.

இந்த மரபில் சலிப்பும் உண்டு. கோடுபோட்ட உடை, தையல்போட்ட தோல், சுருண்ட மரக்கிளை ஆகியவை பர்ட்டன் முத்திரையாகிக் கடைச்சரக்காகவும் ஆகிவிட்டன. ஹென்றி செலிக் இயக்கிய ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்மஸ்’ (1993) படத்தைக்கூடப் பர்ட்டன் இயக்கியதாகவே பலர் நினைக்கிறார்கள். வெறும் அலங்காரமாகத் திகிலை எடுத்துக்கொண்ட படங்கள் நிலைப்பதில்லை. அசுரனின் தனிமையை எடுத்துக்கொண்டவை நிலைக்கின்றன.

1984இல் ஒதுக்கிய ‘ஃபிராங்கன்வீனி’யை 2012இல் முழுநீள ஸ்டாப் மோஷன் படமாக, கறுப்பு வெள்ளையிலேயே வெளியிட்டது அதே டிஸ்னிதான். அந்த 28 ஆண்டுகளும் பயந்துகிடந்தவர்கள் பிள்ளைகள் அல்ல.