அம்புக்குறியின் மூன்று பைட்டுகள்

இத்தாலிய நிரலாளர் சால்வதோரே சான்ஃபிலிப்போ 2016இல் சி மொழியில் எழுதிய ‘கிலோ’ எடிட்டரின் நிரல் 1,000 வரிக்கும் குறைவு. அதில் விசைகளைப் படிக்கும் பகுதி தனி அழகு.

மேல் அம்புக்குறியைத் தட்டினால் டெர்மினல் அனுப்புவது மூன்று பைட்டுகள்: 27, 91, 65. எஸ்கேப் விசைக்கோ வெறும் 27. முதல் பைட்டை மட்டும் பார்த்து எந்த விசை என்று எப்படிச் சொல்வது? கிலோ 100 மில்லிசெகண்டு பொறுத்துப் பார்க்கிறது. எதுவும் வரவில்லையா, எஸ்கேப்தான். 91, 65 வந்துவிட்டால் மேல் அம்புக்குறி. அம்புக்குறிகளுக்கு 1000 முதல் எண் கொடுத்திருப்பதால் எந்த எழுத்தோடும் அவை மோதுவதில்லை.

எழுதியதைச் சேமிக்காமல் வெளியேற கன்ட்ரோல்-க்யூ அழுத்தினால் கிலோ எச்சரித்துவிட்டு, இன்னும் 3 முறை அழுத்தச் சொல்கிறது. நடுவே வேறு விசையைத் தொட்டால் எண்ணிக்கை மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.