தில்லி நகைச்சுவைப் படங்களில் மரியாதை மொழி: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

1. முன்னுரை

நகை தோன்றும் நிலைக்களன்களைக் கூறவந்த தொல்காப்பியர் எள்ளலை முதற்கண் வைத்தார். எள்ளல் செயலால் நிகழ்வது போன்றே மொழியாலும் நிகழ்கிறது. பணிவான சொல்லும் பணிவற்ற நோக்கமும் ஒருங்கே நிற்கும்போது தோன்றும் நகை மொழியியலார்க்கும் மொழிபெயர்ப்பாளர்க்கும் உரிய ஆய்வுப்பொருளாகும். இவ்வகை நகையைத் தில்லியைக் களமாகக் கொண்ட மூன்று இந்திப் படங்கள் நன்கு காட்டுகின்றன. ‘சஷ்மே பத்தூர்’ (1981), ‘கோஸ்லா கா கோஸ்லா’ (2006), ‘விக்கி டோனர்’ (2012) என்பன அவை. மூன்றையும் ஒரு வார இறுதியின் இரு நாள்களுக்குள் பார்த்துவிடலாம். எனினும் கதையை அறிவதற்காக ஒருமுறையும், பேச்சைக் கேட்பதற்காக மற்றொரு முறையும் பார்க்கத் தக்கவை இவை. பின்னவை இரண்டும் தமிழில் மறு ஆக்கம் பெற்றுள்ளமையால் ஒப்பீட்டுக்கும் இடமுண்டு.

2. கடனும் பணிவும்

சாய் பராஞ்ச்பே இயக்கிய ‘சஷ்மே பத்தூர்’ ஒரே அறையில் தங்கியுள்ள மூன்று இளைஞர்களின் கதை. தலைப்பு பாரசீக வழிவந்த தொடர். ‘கண்ணேறு விலகுக’ என்பது அதன் பொருள். சயீத் ஜாஃப்ரி ஏற்ற லல்லன் மியான் என்னும் கடைக்காரர் இவ்விளைஞர்களுக்குக் கடன் கொடுத்துவிட்டு அதை மீட்க இயலாமல் தவிப்பவர். அவர் வாயில் வருவது உருதுச் சாயல் கொண்ட உபசார மொழி. கடனைக் கேட்பது கடுமையான செயல். கேட்கும் மொழியோ மென்மையானது. இவ்விரண்டின் முரணே நகைக்கு வித்தாகிறது.

படத்தின் மற்றொரு சிறப்பு, நிகழ்ச்சிக்கும் அதைக் கூறும் கூற்றுக்கும் உள்ள இடைவெளியாகும். நண்பர் இருவரும் தனித்தனியே நாயகியை அணுகித் தோல்வியுறுகின்றனர். அறைக்குத் திரும்பியதும் வெற்றி பெற்றதாகக் கதை புனைகின்றனர். அப்புனைவு திரைப்படக் காதற்பாடல்களின் போலியாகவே காட்டப்படுகிறது. தம் அனுபவத்தைச் சொல்லத் தமக்கென ஒரு மொழி இல்லாதவர், திரைப்படத்தின் மொழியை இரவல் பெறுகின்றனர் என்பது இதனாற் பெறப்படும்.

3. அச்சுறுத்தலும் உபசாரமும்

திபாகர் பானர்ஜி இயக்கத்தில் ஜெய்தீப் சாஹ்னி எழுதிய ‘கோஸ்லா கா கோஸ்லா’, இந்தியில் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. நடுத்தரக் குடும்பத் தலைவர் கோஸ்லா (அனுபம் கேர்) வாங்கிய மனையைக் குரானா (போமன் இரானி) என்னும் நிலத் தரகன் வளைத்துக்கொண்டு, விடுவிக்க 15 இலட்சம் ரூபாய் கேட்கிறான். குரானாவின் பேச்சு பஞ்சாபிச் சாயல் கொண்ட தில்லி இந்தி. அவன் உபசரிக்கும் பாவனையிலேயே மிரட்டுகிறான். லல்லன் மியானிடம் உள்ளத்தின் நயமாக இருந்த பணிவு, கால் நூற்றாண்டுக்குப் பின் குரானாவிடம் ஒரு கருவியாகிவிடுகிறது. தில்லியின் சமூக மாற்றத்தை இவ்விரு பேச்சுகளின் ஒப்பீடே உணர்த்திவிடுகிறது எனலாம்.

பெயரும் ஈண்டு நோக்கத்தக்கது. தந்தை இட்ட பெயர் சிரௌஞ்சிலால். அமெரிக்கா செல்ல விரும்பும் மகன் விரும்புவது ‘செர்ரி’. சிரௌஞ்சி என்பது தமிழில் சாரப்பருப்பு. உள்நாட்டுப் பருப்பு அயல்நாட்டுப் பழமாக மாறும் இப்பெயர் மாற்றத்தில் தலைமுறைப் பூசல் முழுவதும் அடங்கியுள்ளது.

இப்படம் 2008இல் ‘பொய் சொல்லப் போறோம்’ என்னும் பெயரில் விஜய் இயக்கத்தில் தமிழில் வெளிவந்தது. நெடுமுடி வேணு தந்தையாகவும் நாசர் நில அபகரிப்பாளராகவும் நடித்தனர். இந்தித் தலைப்பின் எதுகை (கோஸ்லா என்பது குடிப்பெயர், அதனோடு ஒலியொத்த மற்றது ‘கூடு’ எனப் பொருள்படுவது) தமிழுக்கு வாராதது. அதைக் கைவிட்டுப் பேச்சுவழக்கு வினைமுற்றைத் தலைப்பாக்கியது தக்கதொரு முடிவே. ‘ஓம்’ ஈற்றைப் படர்க்கையாரை உளப்படுத்துவதாக நன்னூலார் கொண்டார். இக்கால வழக்கில் அது ‘நாம்’, ‘நாங்கள்’ இரண்டுக்கும் பொது. எழுவாய் இன்மையால் பொய் சொல்லப் போகும் கூட்டத்தில் பார்வையாளரும் உளரா என்பது ஐயமாகவே நிற்கிறது. நல்லவர்களின் பொய்க்குப் பார்வையாளரும் உடன்படும் இக்கதைக்கு அவ்வையம் பொருந்துகிறது. மனை மோசடி எந்நகருக்கும் பொது. ஆதலால் கதை எளிதில் இடம்பெயர்ந்தது. ஆனால் குரானாவின் பேச்சு சுட்டும் வட்டார அடையாளத்துக்கு நேரான ஒன்று சென்னையில் இல்லை.

4. இடக்கரும் குழூஉக்குறியும்

சூஜித் சர்க்கார் இயக்கிய ‘விக்கி டோனர்’ விந்துக் கொடையைப் பொருளாகக் கொண்டது. அன்னு கபூர் ஏற்ற மருத்துவர், காணும் மனிதரையெல்லாம் ‘பேராசை’ முதலிய அடைகளோடு விந்துவகையாகப் பகுத்துப் பெயரிடுகிறார். அவர் ஆளும் சொல் ஆங்கிலச் சொல். தாய்மொழிச் சொல் இடக்கராக ஒலிக்குமிடத்து ஆங்கிலச் சொல் இடக்கரடக்கலாகப் பயன்படுவது தமிழர்க்கும் பழகிய வழக்கே. ஓயாது கூறப்படுவதால் அடக்கல் குழூஉக்குறியாக மாறி நகை விளைவிக்கிறது.

2020இல் வெளிவந்த தமிழாக்கமான ‘தாராள பிரபு’ தலைப்பில் மூலத்தை விஞ்சுகிறது. கொடையாளியைக் குறிக்கும் வழக்குத் தொடரே நாயகன் பெயரையும் தாங்குகிறது. ஆயின் திருமணப் பூசலில் மறு ஆக்கம் மூலத்துக்கு ஈடாகவில்லை. மூலத்தில் நாயகன் லஜ்பத் நகர்ப் பஞ்சாபி. நாயகி சித்தரஞ்சன் பூங்கா வங்காளி. முன்னது மேற்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த ஏதிலியர் குடியிருப்பு. பின்னது கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்தோர்க்கென அமைந்தது. ஒரே பிரிவினையின் இரு எல்லைகளில் ஊரிழந்தோரின் வழியினர் ஒருவர் மொழியையும் உணவையும் மற்றவர் எள்ளுகின்றனர். சிரிப்புக்கு அடியில் இப்பொது இழப்பு உள்ளது. தமிழில் நாயகி கன்னடப் பின்புலத்தவள் ஆகும்போது மொழி வேறுபாடு எஞ்சுகிறது. இழப்பின் ஒற்றுமை மறைந்துவிடுகிறது.

5. மொழிபெயர்ப்பாளர் கடமை

இந்தியில் முன்னிலை ‘ஆப்’, ‘தும்’, ‘தூ’ என மூன்று படிகளை உடையது. தமிழ்ப் பேச்சில் பெரும்பான்மை ‘நீங்கள்’, ‘நீ’ என இரண்டே. எனினும் ‘சார்’, ‘ஐயா’, ‘அண்ணே’, ‘டா’ போன்ற விளிகளால் இடைப்படியைத் தமிழ் ஈடுசெய்ய வல்லது. ஆங்கிலத்துக்கோ ஒரே முன்னிலைச் சொல்தான் உண்டு. இந்நிலையில் இந்திப் படத்துக்கான தமிழ்த் துணைத்தலைப்பை ஆங்கிலத் துணைத்தலைப்பிலிருந்து எழுதும் வழக்கம் வருந்தத்தக்கது. மூலமும் இலக்கும் மரியாதையை வேறுபடுத்தும் மொழிகளாக இருக்க, வேறுபடுத்தாத மொழியை இடையில் நிறுத்துவது இருபுறமும் உள்ள செல்வத்தை இழப்பதாகும். குரானா ‘ஆப்’ என்பதிலிருந்து ‘தும்’ என்பதற்கு இறங்கும் கணத்தை இடைமொழி காட்டாது. மொழிபெயர்ப்பாளர் ஊகித்தே எழுத நேரிடும். அக்கணம் தவறினால் மிரட்டல் வெறும் உரையாடலாகிவிடும். நகையும் அச்சமும் ஒருங்கே கெடும்.

6. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன: தில்லிப் படங்களில் நகை பெரும்பாலும் மரியாதை மொழிக்கும் செயலுக்கும் உள்ள முரணில் பிறக்கிறது, மறு ஆக்கம் கதையையும் தலைப்பையும் நன்கு பெயர்த்தாலும் பேச்சில் உறையும் ஊரின் வரலாற்றைப் பெயர்ப்பது அரிது, அவ்வரலாற்றைத் தமிழருக்குக் கொணரும் வாய்ப்பு நேரடித் துணைத்தலைப்புக்கே மிகுதி. இந்தியும் தமிழும் ஒருங்கே அறிந்தோர் தில்லியிலேயே பலர் உளர். அவர்தம் செவியறிவைத் துணைத்தலைப்புப் பணிக்குப் பயன்படுத்துதல் வேண்டும்.