பேனருக்குப் பணம்... படத்துக்கு?

பிளாட்டினம், கோல்டு, சில்வர்! நகைக்கடை விளம்பரம் இல்லை சார். மருத்துவ மாநாடு நடத்துகிறவர்கள் கம்பெனிகளுக்கு அனுப்பும் கடிதங்களில் இருக்கும் ரகங்கள். கூடுதலாகக் கொடுத்தால் பெரிய ஸ்டால், மேடைக்குப் பின்னால் பேனர், விருந்தில் நாலு வார்த்தை பேச மைக்.

ஸ்கேன் படத்தை உருவாக்கும் கணக்குகளை அலசுகிற அறிவியல் கூட்டத்துக்கும் இதே கடிதம்தானா? என் சண்டை அதோடுதான்.

அதென்ன கணக்கு? தோவாளைச் சந்தையில் கட்டி வைத்த பூ மூட்டையைப் பிரிக்காமல், சுற்றிலும் எடுத்த நிழல்களை வைத்தே உள்ளே மல்லி எங்கே, பிச்சி எங்கே என்று சொல்ல முடியுமா? சி.டி. ஸ்கேன் நம் உடம்புக்குள் செய்வது அதைத்தான். நிழல்களை அப்படியே அடுக்கினால் படம் கலங்கிவிடும். அந்தக் கலங்கலை நீக்க, கம்ப்யூட்டருக்குச் சுலபமான ஒரு வழியை 1971-ல் எழுதியவர்கள் ஜி.என். ராமச்சந்திரனும் ஏ.வி. லக்ஷ்மிநாராயணனும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பல வருடம் இருந்து பெங்களூர் போனவர் ராமச்சந்திரன். 'ராம்-லாக்' என்று இன்றும் உலகம் முழுக்கப் பாடத்தில் இருக்கிறது.

அதே 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்தது ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷின். அவர் வேலை பார்த்தது ஈ.எம்.ஐ.யில். மாதத் தவணை இல்லை, பீட்டில்ஸ் இசைத்தட்டு வெளியிட்ட கம்பெனி! ஆனால், பிரிட்டிஷ் அரசின் சுகாதாரத் துறையும் பணம் போட்டது. பிற்பாடு கணக்குப் பார்த்தவர்கள், அரசின் பங்குதான் பெரிசு என்றார்கள்.

ஆகவே, கம்பெனிப் பணமே தீட்டு என்று நான் சொல்லவில்லை. எந்தக் கணக்கில் வருகிறது என்பதே கேள்வி. பி.காம். புத்தி! 2013 கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சரக்கை விற்பதற்காகச் செய்யும் ஸ்பான்சர்ஷிப் அதில் சேராது என்று 2021-ல் விதியே வந்துவிட்டது. அரசுப் பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் கொடுத்தால் சேரும். அதாவது, பேனர் என்பது விளம்பரச் செலவு. ஆராய்ச்சி என்பது சமூகக் கடமை. சட்டத்துக்கே புரிந்த வித்தியாசம், கடிதம் எழுதுகிறவர்களுக்குப் புரிய வேண்டாமா?

பணத்தைவிடப் பெரிய உதவி ஒன்றும் இருக்கிறது. மெஷின் அளந்த கச்சா டேட்டா. பெரும்பாலான கம்பெனிகள் அதைப் பெட்டிக்குள் பூட்டி வைத்திருக்கின்றன. அது கைக்கு வராமல் புதுக் கணக்கை எதில் சோதித்துப் பார்ப்பது? 2018-ல் நியூயார்க் பல்கலைக்கழகமும் ஃபேஸ்புக்கும் சேர்ந்து, முழங்கால் எம்.ஆர்.ஐ.களின் கச்சா டேட்டாவை ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டன. சீக்கிரம் ஸ்கேன் முடிக்கும் வழியைத் தேடி உலகமே போட்டியில் இறங்கியது.

நம்மூர்க் கடிதமும் இப்படி இருக்கட்டும்: 'டின்னர் வேண்டாம், டேட்டா கொடுங்கள். மாணவர்களின் ரயில் டிக்கெட்டுக்குக் கொடுங்கள். யார், எவ்வளவு கொடுத்தார்கள் என்று நாங்களே அச்சடித்துவிடுகிறோம். யார் பேசுவது என்பதை மட்டும் எங்களிடம் விட்டுவிடுங்கள்.'

தோவாளையில் பூக்கட்டும் அம்மா, தலைவலி என்று ஆசாரிப்பள்ளம் அரசு ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்று வையுங்கள். எந்த மாநாட்டில் யார் பிளாட்டினம் என்று அவருக்குத் தெரியாது. கதிர்வீச்சு குறைய வேண்டும், படம் தெளிவாக விழ வேண்டும். அதற்கு யாராவது ஸ்பான்சர் பண்ணுங்களேன்!