ஒட்சிசன் கடன்: ஓர் உவமையின் குறை

விஞ்ஞானத்தில் வழங்கும் உவமைகள் பொருளை விளக்கப் பிறந்தவை. அவற்றுட் சில, பிறந்த காரியம் முடிந்த பின்னும் நீங்காது நின்று பொருளையே மறைத்துவிடுகின்றன. உடற்றொழிலியலார் வழங்கும் 'ஒட்சிசன் கடன்' அத்தகையதொன்று.

மஞ்செஸ்ரர்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஏ. வி. ஹில், 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசை ஒற்றோ மெயர்கோவுடன் பகிர்ந்துகொண்டவர். அவரும் ஹாட்லி லப்ரனும் 1923இல் வெளியிட்ட ஆராய்ச்சியே இவ்வுவமையைப் பரப்பியது. வெளிவிடும் மூச்சைச் சேர்க்கும் பையொன்றை முதுகிற் சுமந்து, ஹில் தாமே புற்றரையில் ஓடினார். ஓடத் தொடங்கியதும் உடலின் தேவை உச்சத்தை எட்டுகின்றது. ஒட்சிசன் உள்ளெடுப்போ படிப்படியாக உயர்ந்து, இரண்டு மூன்று நிமிடங்களிலேயே தன் எல்லையை அடைகின்றது. ஹில்லுக்கு அவ்வெல்லை நிமிடத்துக்கு ஏறக்குறைய 4 இலீற்றர். அதனினும் விரைந்தோடின் தேவை வளரும், உள்ளெடுப்பு வளராது. குறைந்ததைத் தசைகள் ஒட்சிசனின்றியே ஈடுசெய்ய, இலற்றிக்கமிலம் திரளும். ஓட்டம் நின்றபின் மூச்சுவாங்குவது அவ்வமிலத்தின் ஐந்திலொரு பங்கை எரித்து, எஞ்சியதைக் கிளைக்கோசனாக மீட்பதற்கே என்பது அவர் கொள்கை.

இதன் முற்பகுதி இன்றும் பெரிதும் நிலைபெற்றுள்ளது. களைத்து விழும்வரையும் உள்ளெடுப்பு உயர்ந்துகொண்டே செல்வோர் உளர் என்பதைக் கொண்டு, தென்னாபிரிக்கரான ரிம் நோக்ஸ் 1990களில் ஹில்லைக் கடுமையாகத் தாக்கினார். அஃது அளவு மிஞ்சிய தாக்குதல் என்பது எம் கருத்து. ஒருவரிடத்து வரைகோடு தட்டையாகாமை, எல்லையே இல்லை என்பதற்குச் சான்றாகாது.

பிற்பகுதியே இடர்ப்பாடுடையது. இலற்றிக்கமிலம் குருதியில் மிகாத மிதமான உழைப்பின் பின்னரும் 'கடன்' தோன்றுவதை மார்க்காரியா, எட்வேட்ஸ், டில் ஆகியோர் 1933இற் காட்டினர். காட்டியவர்கள் உவமையைக் கைவிட்டார்களா எனின், இல்லை. கடனை இரண்டாகப் பிரித்து அதனைக் காத்தனர்! பின்னர் அவ்வமிலத்தின் பெரும்பகுதி தசைக்கும் இதயத்துக்கும் எரிபொருளாகின்றதென்பது தெளிந்தது. உழைப்பின்பின் நிகழும் மிகை நுகர்வுக்கு உடற்சூடு, அதிரினலின், இதயத்தினதும் சுவாசத் தசைகளினதும் மிகுந்த தொழில் ஆகியனவும் காரணமாவதால், தீர்க்கும் தொகை பெரும்பாலும் பட்ட தொகையினும் மிகுகின்றது. அம்மிகுதியை வட்டி எனலாமோ? வட்டி வாங்குபவர் யார்?

கடனென்றாற் கொடுத்தவன் ஒருவன் வேண்டும். இங்கே தசை செலவிடுவது தன்னிடமுள்ள பொசுப்போகிரியற்றினையும் கிளைக்கோசனையுமே. தன் வீட்டுக் களஞ்சியத்து நெல்லை எடுத்துண்பவனைக் கடனாளி என யாரும் கூறார். கேசர், புரூக்ஸ் என்போர் 1984இல் இச்சொல்லை விலக்கி, 'உடற்பயிற்சிக்குப் பிந்திய மிகை ஒட்சிசன் நுகர்வு' என வழங்குமாறு வேண்டினர். நீண்ட தொடர்தான், செவிக்கு இனிமையும் இல்லை. எனினும் காரணத்தை முன்கூட்டியே முடிவுசெய்யாத நேர்மை அதிலுண்டு.

நோர்வே நாட்டு மெட்போவும் தோழரும் 1988இற் கைக்கொண்ட வழி இன்னும் பயனுடையது. களைப்புறும் வரையான கடும் ஓட்டத்தில், பின்னர் மூச்சுவாங்குவதை அவர்கள் கணக்கிலெடுக்கவில்லை. ஓடும்போதே தேவைக்கும் உள்ளெடுப்புக்கும் இடையே சேரும் குறைவினைக் கூட்டிப் பார்த்தனர்.