கண்டியில் வீடு தேடுகிறவருக்கு யார் துணை?

"12 பேர்ச்சஸ், நான்கு அறை, தெளிவான உறுதி, ஹந்தானை மலைக் காட்சி, நகரத்துக்குப் பத்து நிமிடம்." இலங்கையின் இக்மன் விளம்பரத் தளத்தில் கண்டி என்று போட்டுத் தேடினால் இந்த மாதிரி விளம்பரங்கள் வந்து குவியும். ஒரே வீடு, ஒரே படங்கள், மூன்று தரகர்களின் பெயரில் மூன்று விலையில் கிடப்பதும் உண்டு. சென்னையில் 99ஏக்கர்ஸ், மேஜிக்பிரிக்ஸ் பார்க்கிறவருக்கும் இது பழகிய காட்சிதான். விளம்பரத்தைப் பார்த்த பிறகு செய்ய வேண்டிய வேலையில்தான் இரண்டு ஊர்களும் பிரிகின்றன.

கண்டியில் முதல் சிக்கல் நிலத்திலேயே இருக்கிறது. அம்பிட்டியவிலும் அனிவத்தையிலும் பல வீடுகள் வீதி மட்டத்துக்குக் கீழே இருக்கின்றன. வாகனத்தை மேலே நிறுத்திவிட்டுப் படி இறங்க வேண்டும். முற்றத்தில் நின்று எடுத்த படத்தில் அந்தப் படிகள் வருவதில்லை. வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கி நிற்கும் சுவர் மழைநாளில் எங்கே கசிகிறது என்பதும் தெரியாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது கண்டி மாவட்டத்துச் சரிவுகள் இடிந்து எத்தனையோ குடும்பங்கள் புதையுண்டன. அதன் பிறகும் "மலைக் காட்சி" என்பதை மட்டும் எழுதிவிட்டுச் சரிவைப் பற்றி வாய் திறக்காத விளம்பரத்தை நான் நேர்மையானது என்று சொல்ல மாட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாய வலய வரைபடங்களை வெளியிட்டிருக்கிறது. வீட்டைப் பார்க்கப் போகுமுன் அதைப் பார்த்துவிட வேண்டும்.

இரண்டாவது சிக்கல் உறுதியில், அதாவது காணிப் பத்திரத்தில். தமிழ்நாட்டில் விளம்பரத்தில் கண்ட வீட்டின் சர்வே எண் கிடைத்துவிட்டால், பதிவுத்துறையின் இணையதளத்தில் வில்லங்கச் சான்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பட்டாவையும் சரிபார்க்கலாம், அரசின் வழிகாட்டி மதிப்பையும் அறியலாம். தரகர் சொல்வதை அன்றிரவே சோதித்துவிட முடிகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பதிவுபெற்ற புதிய திட்டங்களில் வீடு விற்கும் முகவரும் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. மயிலாப்பூரில் பழைய வீடு காட்டும் தரகரை அது தொடுவதில்லை; ஆனாலும் அவர் சொல்வதைச் சோதிக்கும் கருவி வாங்குகிறவர் கையில் இருக்கிறது. தரகரே வேண்டாம் என்று பெயரிலேயே சொல்லிக்கொண்டு 2014இல் பெங்களூரில் தொடங்கிய நோபுரோக்கர் தளம் சென்னையில் வளர முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

கண்டியில் இந்தத் தேடலுக்குப் பெரும்பாலும் ஆள்தான் நேரில் காணிப் பதிவகத்துக்குப் போக வேண்டும். ஏடுகளைப் புரட்டி, வழமையாக முப்பது ஆண்டு பின்னோக்கி, ஒவ்வொரு கைமாற்றத்தையும் பார்க்க வேண்டும். இந்த ஊருக்கே உரிய ஒரு கண்ணியும் அங்கே காத்திருக்கும். கண்டிச் சிங்களவரின் மரபுச் சட்டமான கண்டியச் சட்டத்துக்கு உட்பட்ட ஒருவர் நன்கொடையாகக் கொடுத்த காணியை, 1938ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் வாழ்நாளில் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அந்த உரிமையை உறுதியிலேயே வெளிப்படையாகத் துறந்திருந்தால் அது வேறு. சில விதிவிலக்குகளும் உண்டு. தகப்பன் மகனுக்கு நன்கொடை கொடுத்து, மகன் உங்களுக்கு விற்றால், தகப்பன் உயிரோடிருக்கும்வரை அந்தக் கேள்வி உயிரோடிருக்கிறது. "தெளிவான உறுதி" என்ற இரண்டு சொற்கள் இதற்கு விடை தருவதில்லை. சகோதரர்களுக்குள் பிரிக்கப்படாத பங்குகளும் இப்படித்தான் மறைந்து கிடக்கும்.

அமெரிக்காவில் வாங்குகிறவருக்கென்றே தனி முகவர் உண்டு. 2024 ஆகஸ்ட் முதல், வீடு காட்டுமுன்னே அவர் தன் கட்டணத்தை எழுத்தில் ஒப்பந்தமாக வைக்க வேண்டும். கண்டியிலும் சென்னையிலும் தரகர் இரு பக்கத்துக்கும் நடுவில் நிற்பவர். விற்பனை முடிந்தால்தான் அவருக்குக் காசு. அவரைக் குறை சொல்லவில்லை. எந்த ஒழுங்கையில் எந்த வீடு விளம்பரத்துக்கு வராமலேயே விலைக்கு இருக்கிறது, எந்த மேட்டில் கோடையில் தண்ணீர் ஏறாது என்பதெல்லாம் கட்டுகஸ்தோட்டைத் தரகருக்குத் தெரிந்த அளவு எந்தத் தளத்துக்கும் தெரியாது. வீட்டைக் கண்டுபிடிக்க அவர் வேண்டும். "எங்களுக்குத் தெரிஞ்ச லோயர் ஒருத்தர் இருக்கார், அவரே எல்லாம் செஞ்சு தருவார்" என்று அவர் சொல்லும் இடத்தில்தான் மறுக்க வேண்டும்.

ஏனென்றால் இலங்கையில் உறுதி எழுதும் அந்த லோயரின், அதாவது நொத்தாரிசின், பாரம் பெரிது. தமிழ்நாட்டில் விற்பவரும் வாங்குபவரும் சார்பதிவாளர் முன் போய் நிற்கிறார்கள். இங்கே 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திட்டால்தான் காணி கைமாறும். பதிவகத்துக்கு உறுதி பிறகுதான் போகிறது. ஆகவே வாங்குகிறவரின் ஆள் என்று கண்டியில் ஒருவர் இருக்க முடியுமானால், அது அவர் தானே தேடி அமர்த்திய நொத்தாரிசுதான். அவரோடு, எல்லைக் கல்லையும் பாதையின் அகலத்தையும் அளந்து சொல்லும் நில அளவையாளரும். முற்பணம் கைமாறுமுன் இருவரின் வேலையும் முடிந்திருக்க வேண்டும்.

3 கோடி ரூபா வீட்டுக்கு இலங்கையில் முத்திரைத் தீர்வை மட்டும் ஏறத்தாழ 12 இலட்சம் ரூபா. அவ்வளவு தீர்வை வாங்கும் அரசு, காணிப் பதிவேட்டைத் தமிழ்நாட்டைப் போல எவரும் வீட்டிலிருந்தே பார்க்கும்படி திறந்துவிட வேண்டும். விளம்பரத் தளங்களும் மலைநாட்டு வீடு ஒவ்வொன்றுக்கும் அபாய வலயத்தையும் பாதை அகலத்தையும் விற்பவரிடம் கட்டாயமாகக் கேட்டு வாங்கிப் போடலாம்.