கடைசியில என்னதான் ஆச்சு?

நான் சிபாரிசு செய்கிற தொடர்களை நண்பர்கள் பெரும்பாலும் பார்ப்பதில்லை. பார்க்கிறவர்களும் இரண்டு எபிசோடைத் தாண்டுவதில்லை. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒண்ணுமே நடக்கலையேப்பா" என்பார்கள். ஒரு நண்பர் கொஞ்சம் விவரமானவர். நேரத்தை வீணாக்காமல் நேராகவே கேட்டுவிட்டார்: "கடைசியில யாருதான் கொலை பண்ணினது? அதை மட்டும் சொல்லிடுங்க."

அவர் கேட்டது 'ரெக்டிஃபை' தொடரைப் பற்றி. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. நான்கு சீசன், முப்பது எபிசோடு. அத்தனையும் பார்த்து முடித்தாலும் கொலையை யாரும் நமக்குக் காட்டப்போவதில்லை. ஊகிக்க இடம் இருக்கிறது, அவ்வளவுதான்.

சண்டான்ஸ் சேனலில் 2013 முதல் 2016 வரை வந்த தொடர் இது. உருவாக்கியவர் ரே மெக்கின்னன். ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு சின்ன ஊர். பதினெட்டு வயதில் தன் காதலியைக் கொன்றதாகக் கைதாகி, பத்தொன்பது வருஷம் மரண தண்டனைக் கைதியாக இருந்த டேனியல் ஹோல்டன் வெளியே வருகிறான். டி.என்.ஏ. சோதனையால் தீர்ப்பு ரத்தாகியிருக்கிறது. ஆனால் நிரபராதி என்று யாரும் சொல்லிவிடவில்லை. எப்போது வேண்டுமானாலும் மறுபடி வழக்கு போடலாம். ஊரில் பாதிப் பேர் அவன்தான் செய்தான் என்று நம்புகிறார்கள். அவனுக்கே அந்த இரவு சரியாக நினைவில் இல்லை.

வேறு யாராவது எடுத்திருந்தால் இது வக்கீலின் கதையாகியிருக்கும். இங்கே வக்கீல் உண்டு, ஷெரீஃப் உண்டு, அரசியல்வாதி உண்டு. ஆனால் தொடரின் கேள்வி வேறு. சாகத் தயாராகிவிட்டவன் நாளைக் காலையில் எழுந்து என்ன செய்வான்? முதல் சீசனின் ஆறு எபிசோடும் சேர்ந்து ஒரு வாரத்தைக்கூடத் தாண்டுவதில்லை. டேனியலாக வரும் ஏடன் யங், அறையில் தனக்கு இவ்வளவு இடம் எதற்கு என்பதுபோல் நடக்கிறார். ஒரு கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் கேட்டவர்கள் சங்கடப்பட்டுவிடுகிறார்கள்.

இரண்டாம் சீசனில் அம்மாவின் சமையலறையைப் புதுப்பிக்கிறேன் என்று ஆரம்பிக்கிறான். பழைய அலமாரிகளை உடைத்துப் பெயர்க்கிறான். உடைப்பது சுலபம், கட்டுவது? வேலை இழுத்துக்கொண்டே போகிறது. வீட்டில் யாரும் அவனிடம் எதுவும் சொல்ல முடியாமல் தவிக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பிய பிள்ளை வீட்டையே உடைத்துப் போட்டிருக்கிறான். நல்ல எண்ணத்தோடுதான்.

அந்த இடத்தில் நான் தொடரை நிறுத்திவிட்டேன். பெரியப்பா மகன் ஞாபகம் வந்துவிட்டது.

அண்ணன் பதினேழு வருஷம் சவுதியில் வேலை பார்த்தார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார், நாற்பது நாள் இருப்பார், போவார். அவர் அனுப்பிய பணத்தில்தான் ஊரில் மாடி வீடு எழும்பியது. ஒருநாள் "போதும்டா" என்று மொத்தமாகத் திரும்பி வந்தார். வந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் சுவரின் முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொரு ஸ்விட்சாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "தம்பி, எது எந்த லைட்டுக்குன்னே எனக்குத் தெரியலடா" என்றார். எல்லோரும் சிரித்தோம். பிறகு அவர் சமையலில் உப்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தார், பிள்ளைகள் எழும் நேரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. எட்டு மாதத்தில் மறுபடி விமானம் ஏறிவிட்டார். "காசு ருசி விடாது" என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அதைச் சொன்னவர்களில் நானும் ஒருத்தன்.

ஜெயிலையும் வேலையையும் ஒப்பிடுவது அபத்தம். தெரியும். நான் சொல்வது அவர்கள் போன இடத்தைப் பற்றியல்ல, திரும்பி வந்த இடத்தைப் பற்றி. அவர்கள் இல்லாமலே அந்த வீடுகள் வாழப் பழகிவிட்டிருந்தன. யார் மேலும் தப்பில்லை. இடம்தான் இல்லை. இதை 'ரெக்டிஃபை' ஒரு வரி வசனம்கூட இல்லாமல், பாதியில் நிற்கிற ஒரு சமையலறையை வைத்துச் சொல்லிவிடுகிறது.

குறைகளும் உண்டு. மூன்றாம் சீசனில் விசாரணைப் பகுதி கதையை நகர்த்துவதற்காகவே நகர்கிறது. டேனியல் சில சமயம் மனிதனாகப் பேசாமல் புத்தகமாகப் பேசுகிறான். பெரிய குறை, பக்கத்து அறைக் கைதி கெர்வின். சுவர் வழியாகப் பேசிப் பேசியே டேனியலுக்கு நெருக்கமாகிறவன். தொடரின் மிக அன்பான மனிதன் அவன்தான். ஆனால் அவனுடைய குடும்பத்தையும் அவன் குற்றத்தையும் பற்றி நமக்குக் கொஞ்சம்தான் தெரிகிறது. கறுப்பினத்தவன் ஒருவன் செத்துப்போய் வெள்ளைக்கார நாயகனுக்கு ஞானம் கொடுப்பது அமெரிக்கக் கதைகளின் பழைய வியாதி. இவ்வளவு கவனமான தொடரிலும் அது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மெதுவாகப் போவதெல்லாம் நல்ல தொடர் என்று சொல்ல வரவில்லை. கேமரா ஒரு ஜன்னலையே நாலு நிமிஷம் பார்த்துக்கொண்டிருக்கும் படங்களில் நானும் தூங்கியிருக்கிறேன். என் அளவுகோல் ஒன்றுதான். அந்த நேரம் யாருக்குத் தேவைப்படுகிறது, பாத்திரத்துக்கா, இயக்குநருக்கா?

பிபிசி ஃபோரில் வந்த 'டிடெக்டரிஸ்ட்ஸ்' இதே சோதனையில் வேறு வழியாகத் தேறுகிறது. 2014இல் தொடங்கியது. மெக்கன்சி க்ரூக் எழுதி, இயக்கி, நடித்தும் இருக்கிறார். கூட டோபி ஜோன்ஸ். இங்கிலாந்தின் கிராமத்து வயல்களில் உலோகம் கண்டுபிடிக்கும் கருவியைத் தூக்கிக்கொண்டு அலையும் இரண்டு பேர். தேடுவது சாக்ஸன் காலத்துத் தங்கம். கிடைப்பது பெரும்பாலும் பான டப்பாவின் மூடி வளையம். நகைச்சுவைத் தொடர்தான், ஆனால் இவர்களைக் கேலி செய்து ஒரு சிரிப்புகூட வாங்குவதில்லை. மனைவி திட்டுகிறாள், வேலை கிடைக்கவில்லை, மழை வருகிறது, இவர்கள் தலைகுனிந்து நடக்கிறார்கள். தேடியது பெரும்பாலும் இவர்கள் தேடாத இடத்தில்தான் இருக்கிறது. பார்க்கிற நமக்கு அது தெரியும், அவர்களுக்குத் தெரியாது. அந்த ஒரு வித்தியாசத்தை வைத்தே மூன்று சீசன் ஓட்டியிருக்கிறார் க்ரூக். ஒரு நிமிஷம்கூட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

"இதெல்லாம் வெள்ளைக்காரன் பொறுமை, நமக்கு ஆகாது" என்று ஒருத்தர் சொன்னார். பாலு மகேந்திராவின் 'வீடு' 1988இல் வந்தது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. அர்ச்சனாவின் சுதா வீடு கட்டுகிறாள், கதை அவ்வளவுதான். அந்தப் படத்தில் சிமெண்ட் மூட்டை களவுபோகிற இடத்தில் எனக்கு ஏற்பட்ட பதற்றம் எந்தக் கொலைக் கதையிலும் ஏற்பட்டதில்லை. சொக்கலிங்க பாகவதர் பாதி எழும்பிய வீட்டைப் பார்க்கக் கிளம்பிப் போகிற காட்சியில் ஒரு கிழவர் நடக்கிறார், சுவரைத் தொடுகிறார். அவர் வேகம் அதுதான். படமும் அவரோடு நடக்கிறது. தேசிய விருது வாங்கிய படம். ஆனாலும் எனக்குத் தெரிந்தவர்களில் பேர் கேள்விப்பட்டவர்கள்தான் அதிகம், பார்த்தவர்கள் குறைவு.

"ஒண்ணுமே நடக்கலையே" என்கிற நண்பர்களோடு இப்போதெல்லாம் நான் சண்டைக்குப் போவதில்லை. அண்ணன் எட்டு மாதம் வீட்டில் இருந்தபோது எங்களுக்கும் ஒன்றும் நடந்ததாகத் தெரியவில்லை. அவர் திரும்பிப் போன பிறகுதான் கடைசியில் என்ன ஆச்சு என்று கேட்டோம். பதிலையும் நாங்களே சொல்லிக்கொண்டோம்.

அண்ணனுக்கு மட்டும் 'ரெக்டிஃபை'யை நான் சிபாரிசு செய்யவில்லை. போன மாதம் போன் பண்ணியிருந்தார். அடுத்த வருஷம் கண்டிப்பாக வந்துவிடுவேன் என்றார். "வாங்கண்ணே" என்றேன். வைக்கப்போகும்போது, மாடி அறையில் இன்வெர்ட்டர் லைன் எந்த ஸ்விட்சில் இருக்கிறது என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். இன்னும் பார்க்கவில்லை.