குன்றக் கூறல்

காலாப்பட்டிலிருந்து நகரத்துக்குப் போகிற பேருந்து. பின்னால் உரசிக்கொண்டு நின்றவனைப் பார்த்து ஒரு கல்லூரிப் பெண், "தெனமும் இதே தொல்லை" என்று கத்தினாள். இருக்கையிலிருந்த பெரியவர் ஒருவர் திரும்பி, "தெனமுமா? ஓவராப் பேசாத பாப்பா" என்றார். அவள் யோசித்து, "இந்த வாரத்துல மூணு நாள்" என்றாள். "பாத்தீங்களா" என்று பக்கத்தில் இருந்தவரிடம் அவர் சிரித்தார். வழக்கு முடிந்தது. உரசியவன் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனான். நானும் வாய் திறக்கவில்லை.

அந்த 'ஓவர்' என்ற சொல்தான் வீடுவரை வந்தது. எழுத்துத் தமிழில் அதை மிகைப்படுத்தல் என்கிறோம். மிகை என்ற சொல்லில் பொய் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. 504ஆம் குறளில் மிகை என்பது குணம், குற்றம் இரண்டில் எது கூடுதலோ அது. தராசுத் தட்டு தாழ்கிற பக்கம், அவ்வளவுதான்.

பள்ளியில் உயர்வு நவிற்சி அணி என்று படித்ததைத் தண்டியலங்காரம் அதிசய அணி என்கிறது. பெண்ணுக்கு இடையே இல்லை என்பதும், முலையை மலை என்பதும் கவிதைக்கு அழகு. அதை ஓவர் என்று எந்தத் தமிழாசிரியரும் எனக்குச் சொன்னதில்லை. 2002இல் குட்டி ரேவதி தன் தொகுப்புக்கு 'முலைகள்' என்று பெயர் வைத்தார். அதில் மலையும் இல்லை, குடமும் இல்லை. உறுப்பின் பெயர் மட்டும்தான். அதுதான் பலருக்கு அளவு மீறியதாகப் பட்டது. ஏற்றிச் சொன்னால் அணி, உள்ளபடி சொன்னால் மிகை. எனக்கு இந்த இலக்கணம் இன்றுவரை பிடிபடவில்லை.

'தினமும்' என்பதும் பேச்சில் கணக்கு அல்ல. "நூறு தடவ சொல்லிட்டேன்" என்று அப்பா சொல்லும்போது யாராவது எண்ணிக் காட்டச் சொல்கிறோமா?

நன்னூலில் பவணந்தி அடுக்கும் பத்துக் குற்றங்களில் மிகைபடக் கூறல் இரண்டாவது. அதற்கு முன்னால் நிற்பது குன்றக் கூறல். பெண்கள் மீது இரண்டாவதைச் சுமத்துகிறவர்கள் முதலாவதை விசாரிப்பதே இல்லை. நாம் செய்துகொண்டிருப்பதோ பெரும்பாலும் அதைத்தான்.

மூன்று நாள் என்று திருத்தியபோது, நிரூபிக்க முடிந்ததை மட்டுமே அவள் எண்ணியிருப்பாள் என்று நினைக்கிறேன். காலையில் ஒருவன், மாலையில் திரும்பும்போது வேறொருவன் என்றால், அதை அவள் ஒரு நாளாக எண்ணினாளா, இரண்டாகவா?